வீரபத்திரன் கண்ணால் கண்டது

ஹட்டன் பஜாரில் வீரபத்திரன் கடைக்குக் குடை வாங்கப் போனால் நனையாமல் திரும்ப முடியாது என்று ஒரு கேலி உண்டு. கேலிதான், ஆனால் பொய்யில்லை. புதுக் குடை வந்திறங்கினால் அதைக் கடை வாசலில் விரித்துப் பிடித்து, மேலே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, அடியில் தானே நின்று பார்த்துவிட்டுத்தான் விற்பனைக்கு வைப்பார். வாங்க வந்தவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் அவரையும் பிடித்து அடியில் நிறுத்திவிடுவார். டார்ச் லைட்டை எரியவிட்டு வாளித் தண்ணீரில் போடுவார். பாயை விரித்து ஒரு மதியத் தூக்கம் போட்டுப் பார்ப்பார். "நல்லவேளை, நம்ம கடையில எலிமருந்து விக்கிறதில்ல" என்பாள் மனைவி அழகம்மை.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்குப் பலனும் இருந்தது. "நான் பாத்தேன், நல்லா இருக்கு" என்று வீரபத்திரன் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. தோட்டத்துச் சனமும் டவுன் சனமும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் படியேறி வந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவர் சேர்த்து வைத்திருந்த சொத்தே அந்த வார்த்தைதான். இந்த வருஷம் மாசி மாதம் அதைத் தன் கையாலேயே சுவரில் ஒட்டிக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தார்.

சங்கதி மீன்தொட்டியில் ஆரம்பித்தது. மூன்று வருஷமாகக் கடையின் பின்பகுதியில் மீன்தொட்டி, மீன் தீனி, கல், செடி எல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். கடைக்கென்று ஒரு பெரிய தொட்டி வடகிழக்கு மூலையில் இருந்தது. அதற்குள் பன்னிரண்டு தங்கமீன்கள். தொட்டிக்கு நேர் மேலே சாமித் தட்டு, அதில் பிள்ளையார், லட்சுமி, முருகன். சாமிக்கு முன்னால் விளக்கு அணையக் கூடாது என்பது அவருடைய அப்பா போட்ட சட்டம். அப்பா காலத்தில் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் இருந்தது. போன தீபாவளிக்கு வீரபத்திரன் அதைக் கழற்றிவிட்டு, சாமி பளிச்சென்று இருக்கட்டும் என்று நீளமான வெள்ளை எல்.ஈ.டி. லைட் ஒன்றைப் போட்டார். அது இரவும் பகலும் எரிந்தது.

தீபாவளிக்கு நானுஓயாவிலிருந்து வந்திருந்த அக்கா நாகலெட்சுமி அதைப் பார்த்து முகம் சுளித்தாள். "ஏன்டா தம்பி, இந்த வெளிச்சத்துல மீனு எப்படிடா தூங்கும்? பாவம்டா."

"மீனுக்கு இமையே கெடையாது. அதுக்கு என்னக்கா தூக்கம்?" என்று சொல்லிச் சிரித்தார்.

கார்த்திகை பிறந்தபோது தொட்டித் தண்ணீர் பச்சையானது. முதலில் இலேசாக. பிறகு கீரை அலசிய தண்ணீர் மாதிரி. மீன்கள் அங்கங்கே ஆரஞ்சு நிழலாகத் தெரிந்து மறைந்தன. மூன்று தடவை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவினார். மூன்று தடவையும் பச்சை திரும்பி வந்தது. தொட்டி விற்கிறவன் கடையிலேயே தொட்டி நாறினால் வாங்க வருகிறவன் என்ன நினைப்பான்? வீரபத்திரனுக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் கொழும்பிலிருந்து றமணன் வந்தான். மீன்தொட்டிச் சாமான் கம்பெனியின் ஏஜென்ட், யாழ்ப்பாணத்துப் பையன், வாய் நிறையச் சிரிப்பு. 'பளிங்கு' என்று பெயர் போட்ட நீலநிறப் போத்தல் ஒன்றை மேசைமேல் வைத்தான். பாசியைப் போக்கும் மருந்து, வாரத்துக்கு ஒரு மூடி ஊற்றினால் போதும் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

"ஐயா, ரெண்டு கிழமை, பதினாலு நாள், போட்டுப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ."

"பாத்துட்டுத்தான் தம்பி விப்பேன்" என்றார் வீரபத்திரன்.

வியாழக்கிழமை முதல் மூடி ஊற்றினார். வெள்ளிக்கிழமை விடிகாலையில் நானுஓயாவிலிருந்து போன் வந்தது. அக்கா தூக்கத்திலேயே போய்விட்டாள்.

மூன்று நாள் கடை அடைத்திருந்தது. நாலாம் நாள் திறந்தார், ஆனால் வியாபாரத்தில் மனம் இல்லை. தாடியோடு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா இல்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் இல்லாத ஊர் அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை வந்தால் மட்டும் எழுந்து தொட்டிக்கு ஒரு மூடி மருந்து ஊற்றுவார்.

பதினான்காம் நாள் காலையில் நிமிர்ந்து பார்த்தால் தொட்டி தெளிந்திருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பன்னிரண்டு மீனையும் எண்ண முடிந்தது. அக்கா போன இந்த நேரத்தில் ஒரு நல்லதும் நடக்கிறதே என்று நினைத்த மாத்திரத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு வேறெதையும் சோதித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. குடைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனிதர், மருந்துக்கு மட்டும் அப்படியே தலையை ஆட்டிவிட்டார்.

துக்கம் விசாரிக்க வந்த றமணன் தொட்டியைக் கண்டு அசந்துபோனான். அவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி போனில் படம் எடுத்தான். "ஐயா, உங்கட ஒரு வார்த்தை போதும். போஸ்டர் அடிப்பம்."

"என் கண்ணால பாத்தேன் தம்பி. நல்லா இருக்கு" என்றார் வீரபத்திரன்.

மாசி பிறந்து ஒரு வாரம் போயிருக்கும். பழனியாண்டி படியேறி வந்தார். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டத்துக்குக் கங்காணி. லயத்து வரிசை வீட்டு ஜன்னலோரம் தொட்டி வைத்துக் குட்டி குட்டியாக மீன் வளர்க்கிற ஆசாமி. கையில் இரண்டு காலிப் போத்தல்கள் இருந்தன.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு போத்தலும் தீந்து போச்சு. தண்ணி அப்பிடியே பச்சையாத்தான் கெடக்கு."

"அளவு பாத்து ஊத்துனீங்களா பழனியாண்டி?"

பழனியாண்டியின் முகம் மாறிவிட்டது. "எனக்கா அளவு சொல்லித் தர்றீங்க? இருவத்தாறு வருசமா டேங்கில மருந்து கலக்குற கை இது. ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு கொறயாது."

"அட, அதுக்குச் சொல்லலங்க. என் தொட்டியில வேல செஞ்சிச்சே. கண்ணால பாத்தேன்."

"பாத்திருப்பீங்க. இல்லேன்னு சொல்லல. மருந்து ஊத்தாத தொட்டி ஒண்ணு பக்கத்துல இருந்திச்சா?"

"அது எதுக்கு?"

"எங்க தோட்டத்துல புதுசா ஒரு புல்லு மருந்து வந்தா, மேல்பார்வை பாக்குற கண்டாக்கையா நடுவுல ஒரு நெரய, ஒரு வரிசத் தேயிலய, அடிக்காம விடச் சொல்லுவாரு. மத்த நெரயெல்லாம் புல்லு காஞ்சு, அந்த நெர மட்டும் பச்சயா நின்னா, மருந்து வேல செஞ்சிருக்கு. அந்த நெரயும் சேந்து காஞ்சிருச்சுன்னா, அது வெயிலு செஞ்ச வேல. மருந்துக்காரன் வந்த வழியா போக வேண்டியதுதான்." காலிப் போத்தல்களை மேசைமேல் வைத்தார். "ஒரு நெரய விடாம எப்பிடி மொதலாளி சொன்னீங்க?"

குடை சோதிக்கிற மனிதருக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைத்தது. பழனியாண்டி போன பிறகு வீரபத்திரன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடி மூலைகளில் இலேசாகப் பச்சை படிந்திருந்தது. அது பத்து நாளாகவே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வாரத்துக்கு ஒரு மூடியை இரண்டு மூடி ஆக்கியிருந்தார். ஏன் ஆக்கினோம் என்று மட்டும் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றே இரண்டு பெரிய பிஸ்கட் போத்தல்களைக் கழுவி எடுத்தார். கடைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பிடிக்கிற பீப்பாய் ஒன்று பாசிபிடித்துக் கிடந்தது. ஒரே வாளியில் மொண்டு இரண்டு போத்தலிலும் நிரப்பினார். ஒன்றில் மட்டும் அளவாகப் 'பளிங்கு' ஊற்றி, அடியில் சோக்கால் ஒரு புள்ளி வைத்தார். இரண்டையும் தொட்டிக்குப் பக்கத்தில் அருகருகே வைத்துவிட்டு அழகம்மையைக் கூப்பிட்டார்.

"தெனமும் வந்து எது பச்ச கொறச்சல்னு சொல்லு. எதுல மருந்துன்னு கேக்காத."

"வேற வேல இல்லயா ஒங்களுக்கு?" என்று கேட்டாலும் தினமும் வந்து சொன்னாள். இரண்டாம் நாள் மருந்து ஊற்றியதைத்தான் காட்டினாள். வீரபத்திரனுக்கு உள்ளம் குளிர்ந்தது. ஐந்தாம் நாள் இரண்டும் ஒன்றுபோல இருக்கிறது என்றாள். ஏழாம் நாள் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, மருந்து ஊற்றாத போத்தலைக் காட்டினாள்.

வீரபத்திரன் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மருந்தைத் தன் வாயால் புகழ்ந்து எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்! அதைவிடக் கொடுமை, போஸ்டர். இப்போதே போன் எடுத்து நிறுத்தச் சொல்ல வேண்டும். ஆனால் என்னவென்று சொல்வது? தொட்டி தெளிந்தது பொய்யில்லையே. பன்னிரண்டு மீனை எண்ணினாரே, அதுவும் பொய்யா? துக்கத்தில் கிடைத்த ஒரே ஆறுதலை எப்படிப் பொய் என்று சொல்வது? போத்தல் வேறு, தொட்டி வேறு என்று ஒரு மனம் சொன்னது. கிழிந்த குடையை விற்கிறாயே என்று இன்னொரு மனம் சொன்னது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவர், தன் கண்ணைச் சந்தேகிக்க முடியாமல் தவித்துப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் றமணன் போஸ்டரைப் போனில் அனுப்பினான். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது என்றும் எழுதியிருந்தான். வலப்பனை, நானுஓயா, கொத்மலை, எல்லா ஊர்ச் சுவரிலும் வரும். தெளிந்த தொட்டி, பக்கத்தில் வீரபத்திரன், கீழே கொட்டை எழுத்தில்: 'என் கண்ணால் பார்த்தேன். நல்லா இருக்கு. — வீரபத்திரன், ஹட்டன்.'

தன் பெயரை அப்படிப் பார்த்ததும் கடைக்கு மேலே மாடியிலிருந்த வீட்டுக்கு ஏறினார். போனை அழகம்மையிடம் நீட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். அவ்வளவுதான், பொரிந்து தள்ளிவிட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இது தீட்டுல எடுத்த படம்! தாடியும் நீங்களும்! பின்னால சாமியப் பாருங்க, வெளக்கு இல்ல, பூ இல்ல, இருட்டாக் கெடக்கு. பதினாறு நாளும் நான்தான அந்த வெளக்க அணச்சுப் போட்டிருந்தேன்? இதையா ஊரு ஊரா ஒட்டப் போறாங்க? அண்ணி செத்த துக்கத்த செவுத்துல ஒட்டுவீங்களா?"

வீரபத்திரன் போனைப் பிடுங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கினார். அழகம்மை சொன்னது சரி. தொட்டி தெளிவாக இருந்தது. அதற்கு மேலே சாமித் தட்டு இருளடைந்து கிடந்தது.

மாடியிலிருந்து தடதடவென்று கடைக்கு இறங்கி ஓடினார். சாமிக்கு முன்னால் வெள்ளை லைட் எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் அப்படியே தொட்டிக்குள் விழுந்தது. மூலையில் படிந்திருந்த பச்சை இப்போது பாதிக் கண்ணாடிக்குப் பரவியிருந்தது.

லைட் போட்டது தீபாவளிக்கு. பச்சை வந்தது கார்த்திகையில். பதினாறு நாள் லைட் இல்லை, தண்ணீர் தெளிந்தது. கருமாதி முடிந்து லைட் வந்தது, பச்சையும் வந்தது. மருந்து அன்றைக்கும் விழுந்தது, இன்றைக்கும் விழுகிறது. அது எதையும் செய்யவில்லை. பிஸ்கட் போத்தல் இரண்டையும் அவர் வைத்திருந்ததும் அதே வெளிச்சத்தில்தான்.

"அழகம்மா! நான் பாத்தது பொய்யில்ல!" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினார். "மருந்துதான் பொய்!"

அந்த இடத்திலேயே நின்று றமணனுக்குப் போன் போட்டார். "தம்பி, அச்சை நிறுத்துங்க. என் பேர எடுத்துருங்க. படத்தயும் எடுத்துருங்க." நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். "தெரியாமச் சொல்லிட்டேன். தெரிஞ்ச பெறகும் சும்மா இருந்தா நான் மனுசன் இல்ல."

அந்தப் பக்கம் றமணன் பெருமூச்சு விட்டான். "ஐயா, உங்களிட்டச் சொல்லுறதுக்கென்ன. என்ர வீட்டுத் தொட்டியும் பச்சையாத்தான் கிடக்கு. உங்கட தொட்டியைக் கண்டாப் பிறகுதான் எனக்கே மருந்தில நம்பிக்கை வந்தது."

வீரபத்திரன் போனை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னார். நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருந்தது.

இனி விளக்கு. அதை அணைப்பதென்றால் அப்பாவின் சட்டத்தை மீற வேண்டும். சுவிட்சில் கை வைப்பார், எடுப்பார். சாமி கோபித்துக்கொள்ளுமோ, வியாபாரம் படுத்துவிடுமோ என்று மருகினார். அழகம்மைதான் முடித்து வைத்தாள். "கோயில்லயே பூச முடிஞ்சா நட சாத்திர்றாங்க. ஒங்க கடையில மட்டும் சாமி இருவத்தி நாலு மணி நேரமும் முழிச்சிக்கிட்டு நிக்கணுமா? கடைய மூடுறப்ப கற்பூரம் காட்டி அணைங்க. காலையில ஒங்கப்பாவோட செவப்பு பல்பப் போடுங்க."

அப்படியே செய்தார்கள். 'பளிங்கு' ஒரு சொட்டும் ஊற்றவில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் தொட்டியைத்தான் பார்த்தார். நாலாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் ஏழு மீன் தெரிந்தன. பதின்மூன்றாம் நாள் பன்னிரண்டையும் எண்ணினார். நம்பாமல் மறுபடி எண்ணினார். சந்தோஷத்தில் தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டு அவரையும் எண்ணச் சொன்னார்.

"மறுபடி ஒரு வாரம் வெள்ளை லைட்டப் போட்டு, பச்சை வருதான்னு பாக்கணும் அழகம்மா. அப்பதான் நிச்சயம்."

"சாமி என்ன ஒங்க குடையா? பேசாம இருங்க" என்றாள் அவள். வீரபத்திரன் பேசாமல் இருந்தார்.

மருந்து வாங்கியவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். ஒவ்வொருவராக வந்தார்கள், போத்தலைக் கொடுத்துவிட்டு வேறு சாமான் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் திட்டவில்லை. 'வீரபத்திரனே தப்புன்னு சொல்லிட்டாரு' என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் பழைய மரியாதை குறையவில்லை, கொஞ்சம் கூடித்தான் இருந்தது. போஸ்டரும் வந்தது. அதில் யாரோ எடுத்த ஒரு நீர்வீழ்ச்சிப் படம் இருந்தது, ஒருவர் வாக்கும் இல்லை.

பழனியாண்டி வந்தபோது வீரபத்திரன் எழுந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அடிக்காத நெரதான் என்னயக் காப்பாத்திச்சு. தொட்டிய ஜன்னலோரத்துல இருந்து வெயிலு படாம நகத்தி வைங்க, தானா தெளியும்." இரண்டு போத்தலுக்குப் பதிலாக ஒரு நல்ல குடையை எடுத்து நீட்டினார். வழக்கம்போல அவரை வாசலில் நிறுத்திக் குடையை விரித்துக் கையில் கொடுத்து, அழகம்மையிடம் செம்பைக் கொண்டுவரச் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி" என்றார் பழனியாண்டி. "நீங்க எனக்குப் பக்கத்துல, குடைக்கு வெளிய நில்லுங்க. ஒரு நெர வேணும்ல?"

வீரபத்திரன் குடைக்கு வெளியே வந்து நின்றார். அழகம்மை இத்தனை வருஷ ஆசையையும் சேர்த்து இரண்டு செம்பாக ஊற்றினாள். ஹட்டன் குளிரில் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு வீரபத்திரன் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா போன பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலை கடை மூடும்போது கற்பூரம் காட்டினார். சுவிட்சை அணைப்பதற்கு முன் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். மீன்கள் மெதுவாக அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. தீபாவளியன்றே அக்கா சொன்னாள், அவர்தான் சிரித்தார்.

"தூங்குங்க" என்றார் மீன்களிடம். "அக்கா சொல்லிட்டா." விளக்கை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.